கையை எதிரியாகப் பார்க்கும் பச்சோந்தி: ஏமன் இன ஆண் ஒன்றைப் பழக்கும் முறை, ஒரு நிகழ்வு ஆய்வு

எட்டு மாத வயதுள்ள ஆண் ஏமன் பச்சோந்தி. பண்ணையில் பொரித்தது, மூன்று மாதக் குஞ்சாகக் கடையில் வாங்கியது. ஆறு மாதம் வரை கையில் ஏறியது, தோளில் உட்கார்ந்தது. நன்றாகப் பழகிவிட்டது என்று வீட்டார் நம்பினார்கள். ஏழாவது மாதத்தில் கூண்டுக் கதவைத் திறந்தாலே உடம்பைத் தட்டையாக்கிக்கொண்டு கறுத்தது. எட்டாவது மாதத்தில் வாயைப் பிளந்து சீறி, விரலில் ரத்தம் வரும்படி கடித்தது. இப்போது எதிரில் ஆள் நின்றால் இரையைக்கூடத் தொடுவதில்லை.

இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதை அல்ல. இந்த இனத்தை வளர்ப்பவர்களிடம் வயதும் அறிகுறியும் கிட்டத்தட்ட மாறாமல் அடிக்கடி வரும் வழக்கு. அந்தப் பொது வடிவத்தை ஒரே விலங்காக வைத்து இங்கே ஆராய்கிறோம். வீட்டார் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: தினமும் கையில் எடுத்துப் பழக்கினோமே, ஏன் இப்படி ஆனது? தினமும் எடுத்ததுதான் காரணத்தில் பாதி. மீதிப் பாதி கூண்டில் இருக்கிறது.

விலங்கின் இயல்பு

கமேலியோ கலிப்ட்ராட்டஸ் என்ற இந்த இனத்தின் சொந்த இடம் ஏமனும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மலைப்பகுதியும். தலைமேல் உயரமான கொண்டை இருக்கும். வளர்ந்த ஆண் வாலோடு சேர்த்து 45 முதல் 60 செ.மீ. வரை வரும். பின்னங்கால் குதியில் சிறு முள் இருந்தால் ஆண்; பொரித்த நாளிலிருந்தே அது தெரியும். நல்ல பராமரிப்பில் ஆண் 5 முதல் 8 ஆண்டு வாழும். வளர்ப்பில் எளிதாக முட்டையிட்டுப் பெருகுவதால் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கடைகளில் அதிகம் கிடைப்பது இதுதான். எவ்வளவு தாக்குப்பிடிக்கும் விலங்கு என்பதற்கு ஃபுளோரிடா சாட்சி: ஃபோர்ட் மையர்ஸ் பகுதியில் தப்பியோ விடப்பட்டோ பெருகிய கூட்டம் 2002 முதல் பதிவாகியிருக்கிறது.

பழக்குதல் என்று வரும்போது மூன்று செய்திகள் முக்கியம். முதலாவது, இது தனித்து வாழும் விலங்கு. முட்டையிலிருந்து வந்த நாளில் இருந்தே தாய் கிடையாது, கூட்டம் கிடையாது. நாயிடமும் கிளியிடமும் நாம் பயன்படுத்திக்கொள்ளும் துணை தேடும் குணம் இதனிடம் இல்லவே இல்லை. இரண்டாவது, பருந்தும் பாம்பும் இதன் எதிரிகள். கண்கள் தனித்தனியாகச் சுழன்று சுற்றுப்புறம் முழுவதையும் வளைத்துப் பார்ப்பதால், மேலிருந்து இறங்கும் எதுவும் அதன் பார்வைக்குத் தப்பாது. மூன்றாவது, ஆண் ஆறாவது மாதத்துக்கும் பத்தாவது மாதத்துக்கும் இடையில் பருவத்துக்கு வரும். அப்போது தன் கிளை, தன் எல்லை என்ற பிடிவாதம் வந்துவிடும். குஞ்சாக இருந்தபோது பயந்து அசையாமல் கிடந்த விலங்கு, எதிர்த்து நிற்கும் உடம்பு வந்ததும் எதிர்க்கிறது. குணம் கெட்டுவிட்டது என்று வீட்டார் சொல்வது பெரும்பாலும் இதைத்தான்.

குஞ்சு கையில் அமைதியாக இருந்ததே என்பார்கள். அசையாமல் இருப்பதும் அமைதியாக இருப்பதும் வேறு. தப்ப வழியில்லாதபோது உறைந்து கிடப்பது பச்சோந்தியின் முதல் தற்காப்பு. கண்ணைப் பகலில் மூடிக்கொண்டு கையில் கிடக்கும் பச்சோந்தியைத் தூங்குகிறது என்று படமெடுத்துப் போடுகிறார்கள். பகலில் கண்ணை மூடுவது நோயின் அறிகுறி, அல்லது தாங்க முடியாத நெருக்கடியின் அறிகுறி. இரண்டும் ரசிக்கத்தக்கவை அல்ல.

உடம்பு சொல்வதைப் படிப்பது

நிறம் பின்னணிக்கு ஏற்ப மாறுகிறது என்ற நம்பிக்கையோடு பழக்க ஆரம்பித்தால் எல்லாமே தவறாகப் படும். தோலுக்கு அடியில் உள்ள செல்களில் குவானின் என்ற பொருளின் நுண்படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றின் இடைவெளி மாறும்போது திரும்பும் ஒளியின் நிறம் மாறுகிறது. ஜெனீவா பல்கலைக்கழகக் குழு 2015-இல் பேந்தர் பச்சோந்தி என்ற வேறோர் இனத்தில் இதைக் காட்டியது: விலங்கு இளகியிருக்கும்போது படிகங்கள் நெருங்கியிருக்கும், கிளர்ச்சியடையும்போது விலகும். ஏமன் பச்சோந்தியிலேயே அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகள் நமக்கு இன்னும் பயன்படும். 2013-இல் வந்த ஆய்வின்படி, இரு ஆண்கள் மோதும்போது தலை நிறம் வேகமாகப் பிரகாசமாகும் ஆணே வெல்ல வாய்ப்பு அதிகம். 2014-இல் வந்த தொடர் ஆய்வின்படி தோற்கும் ஆண் கறுக்கிறது, இனி அடிக்காதே என்பது போல.

கையில் எடுத்ததும் கறுத்துப்போகும் பச்சோந்தி சமாதானமாகிவிடவில்லை, தோற்றுப்போயிருக்கிறது. இந்த வழக்கின் விலங்கு ஏழாவது மாதத்தில் கறுத்தபோதே கையை விலக்கியிருந்தால், எட்டாவது மாதக் கடி வந்திருக்காது.

ஆனால் கறுப்பெல்லாம் அச்சம் அல்ல. காலையில் விளக்குப் பக்கம் உள்ள விலா மட்டும் கறுத்து, மறுபக்கம் பச்சையாக இருந்தால் அது வெப்பம் வாங்குகிறது. இரவில் வெளிறிப்போனால் உறக்கம். விளக்கடியில் ஓசையில்லாமல் வாய் திறந்திருந்தால் சூடு அதிகம். ஆளைப் பார்த்து வாய் பிளந்து, தொண்டையை உப்பி, சீறினால் மிரட்டல்.

விலங்கின் அச்சத்தைக் குறிப்பெடுக்க நான்கு படி போதும். 0: இயல்பான பச்சை, கண்கள் இரண்டும் வெவ்வேறு திசையில் சாவகாசமாகச் சுழலும், நடக்கும் அல்லது தின்னும். 1: நடையை நிறுத்தும், ஒரு கண் ஆள்மேல் நிலைக்கும், கிளையின் மறுபக்கத்துக்கு மெல்ல நகரும். 2: உடம்பு இலைபோல் தட்டையாகும், நிறம் கறுக்கும் அல்லது புள்ளிகள் பளிச்சிடும், முன்னும் பின்னும் ஆடும். 3: வாய் பிளத்தல், சீறல், பாய்தல், கடி. எல்லா வேலையும் 0-க்கும் 1-க்கும் இடையில்தான் நடக்க வேண்டும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. படி 3-இல் சீறும்போது கையை எடுத்தால், சீறினால் கை போய்விடும் என்று விலங்கு கற்றுக்கொள்ளும். அடுத்த முறை சீக்கிரமே சீறும். கையை எடுக்காமல் நின்றால் தப்ப வழியில்லாத அச்சத்தில் மூழ்கடிக்கிறோம். பிறகு உறைந்துபோகும், அல்லது கடிக்கும். இரண்டுமே நட்டம். வழி ஒன்றுதான்: சீறும் இடம்வரை போகவே கூடாது. படி 1 தெரிந்ததும் நிறுத்தி, அது 0-க்கு இறங்கியபின் விலக வேண்டும். தவறிப்போய் 3 வந்துவிட்டால், பின்வாங்குவதே குறைந்த கேடு. அன்றைய வேலையை அதோடு முடித்துவிடலாம்.

முதலில் பார்த்தவை

வலி உள்ள விலங்கு தொடுதலை வெறுக்கும். எனவே பழக்குதலுக்கு முன் உடம்பு. முன்கை எலும்பு வளைந்திருக்கிறதா, கீழ்த்தாடை மென்மையாக இருக்கிறதா, கிளையைப் பிடிக்கும் வலு குறைந்து உடம்பு கிளைமேல் சரிகிறதா என்று பார்க்க வேண்டும். மூன்றில் ஒன்று இருந்தாலும் கால்சியம், வைட்டமின் டி3 குறைவால் வரும் எலும்பு நோயைச் சந்தேகித்து ஊர்வன மருத்துவம் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். அந்த நிலையில் தவறாகப் பிடித்தாலே எலும்பு முறியும். கண் குழி விழுந்திருப்பதும், எச்சத்தோடு வரும் வெள்ளை யூரேட் (கெட்டியான சிறுநீர்க் கழிவு) ஆரஞ்சாக இருப்பதும் நீர்க்குறைவு. எச்சத்தைப் புழுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

இந்த வழக்கில் எலும்பு நேராக இருந்தது, எச்சம் சுத்தம், யூரேட்டில் மட்டும் மஞ்சள் அதிகம். குறைகள் கூண்டில் இருந்தன. 45 × 45 × 90 செ.மீ. வலைக்கூண்டு, காபி மேசைமேல், தொலைக்காட்சிக்குப் பக்கத்தில். மேல்கிளையே மனிதரின் இடுப்பளவில். நான்கு பக்கமும் திறந்த வலை, உள்ளே பிளாஸ்டிக் கொடி. யூவிபி எனப்படும் புற ஊதாக் கதிர் தரும் சுருள்வடிவப் பல்பு, அதுவும் பழையது. தண்ணீருக்குத் தெளிப்பான் புட்டி. அதை வீட்டார் நேராக முகத்தில் அடித்தார்கள். அதாவது ஒரு நாளில் மனிதக்கை கூண்டுக்குள் வரும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு தொல்லை: முகத்தில் தண்ணீர், மேலிருந்து பிடி, அல்லது துடைக்கும் துணி. கை நல்லதற்கு வந்தது என்று கற்றுக்கொள்ள ஒரு வாய்ப்புகூட இல்லை. அணைந்த தொலைக்காட்சித் திரையில் தெரிந்த தன் பிம்பத்தை வேறொரு ஆணாக எண்ணி நாள் முழுக்க வெறித்துக்கொண்டிருந்தது தனிக்கணக்கு.

கூண்டைத் திருத்துதல்

எல்லா மாற்றத்தையும் ஒரே நாளில் செய்து முடிப்பது நல்லது. தினம் ஒன்றாக மாற்றினால் தினமும் ஒரு புது அச்சம்.

60 × 60 × 120 செ.மீ. கூண்டு, 75 செ.மீ. உயர மேடைமேல். மேல்கிளை நிற்கும் மனிதரின் கண்ணுக்கு மேலே வர வேண்டும். இந்த ஒரு மாற்றமே பல விலங்குகளை இரண்டு வாரத்தில் பாதி ஆற்றிவிடும். பின்பக்கமும் இரு பக்கங்களும் ஒளிபுகாத பலகையால் மூடப்பட்டன. முன்பக்கம் மட்டும் திறப்பு. மணி பிளாண்ட், ஷெஃப்லேரா போன்ற உயிருள்ள செடிகளால் கூண்டின் பாதி நிறைய வேண்டும். எங்கிருந்து பார்த்தாலும் விலங்கு முழுசாகத் தெரிகிறது என்றால் செடி போதவில்லை. ஒளிந்துகொள்ள இடம் தந்தால் எப்போதும் ஒளிந்தே இருக்குமோ என்று பயப்படுகிறார்கள். நேர் எதிராகத்தான் நடக்கும்: நினைத்தால் மறையலாம் என்று தெரிந்த விலங்கு அதிக நேரம் வெளியே நிற்கும்.

யூவிபிக்கு டி5 ஹெச்ஓ எனப்படும் மெல்லிய, வலு மிகுந்த நீளக் குழல்விளக்கு, 6 விழுக்காடு வலு. வலைமேல் வைத்து, வெயில்காயும் கிளையில் விலங்கின் முதுகு விளக்கிலிருந்து 20 முதல் 25 செ.மீ. கீழே வரும்படி. மீட்டர் இருந்தால் அந்த இடத்தில் யூவி குறியீடு 3 அளவில் இருக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்; வெளிச்சம் குறையாது, யூவிபி மட்டும் குறைந்திருக்கும். வெயில்காயும் இடத்தில் 29 முதல் 31 டிகிரி செல்சியஸ், மற்ற இடங்களில் 22 முதல் 26, இரவில் எந்த விளக்கும் இல்லாமல் 16 முதல் 20. விளக்கு 12 மணி நேரம். தண்ணீர் தானியங்கித் தெளிப்பான் வழியாக, விளக்கு எரியுமுன்னும் அணைந்தபின்னும் இரண்டு நிமிடம். பகலில் இலைமேல் சொட்டும் சொட்டுநீர்க் குவளை. தெளிப்பான் புட்டி கைக்கு எட்டாத இடத்துக்குப் போனது. இரைமேல் டி3 இல்லாத கால்சியம் பொடி ஒவ்வொரு முறையும், டி3-யும் வைட்டமின் ஏ-யும் கலந்த பொடி இரு வாரத்துக்கு ஒருமுறை.

அதன்பின் 14 நாள் யாரும் தொடவில்லை. உணவுக் கிண்ணம் வைப்பது, எச்சம் எடுப்பது, அவ்வளவே. அதுவும் இரவில் அல்ல. உறங்கும் பச்சோந்தியைக் கலைப்பது பகலில் பிடிப்பதைவிட மோசம்.

படிகள்

வேலை நேரம் காலை 10 மணி சுமாருக்கு, ஒரு மணி நேரமாவது வெயில் காய்ந்தபின். இதற்கு உடலியல் காரணம் உண்டு. அகாமா இனப் பல்லிகளைப் பற்றி 1982-இல் வெளியான ஆய்வொன்று, உடம்பு சூடாக இருக்கும்போது ஓடும் பல்லி, குளிர்ந்திருக்கும்போது நின்று கடிக்கும் என்று காட்டியது. குளிர்ந்த தசையால் ஓட முடியாது என்பதால் மிரட்டலே மீதி வழி. பச்சோந்தி சூடாக இருக்கும்போதும் வேகமாக ஓடக்கூடியதல்ல. அதிகாலையில் கையை நீட்டுவது கடியைக் கேட்டு வாங்குவது.

பழக்குதலின் முதல் படி (0 முதல் 3 வரை எண்ணிட்ட அச்சப் படிகள் வேறு), ஆள் இருக்கப் பழகுவது. கிண்ணத்தில் இரையைப் போட்டுவிட்டு, இரண்டு மீட்டர் தள்ளி, தாழ்வான இருக்கையில், பக்கவாட்டாகத் திரும்பி 15 நிமிடம் உட்கார வேண்டும். முறைத்துப் பார்க்கக் கூடாது. இரண்டு கண் நேராக ஒன்றைப் பார்ப்பது வேட்டைக்காரனின் பார்வை, பச்சோந்தியும் இரையை அப்படித்தான் பார்க்கும். அடுத்தடுத்து மூன்று வேளை ஆள் இருக்கும்போதே தின்றால் ஒன்றரை மீட்டர், பிறகு ஒன்று, பிறகு அரை. இந்தப் படிக்கு மட்டும் மூன்று வாரம் ஆகலாம். அவசரப்படுகிறவர்கள் தோற்பது இங்கேதான், ஏனென்றால் எதுவுமே நடக்காதது போலத் தோன்றும்.

இரண்டாம் படி, கையில் பிடித்த கிண்ணம். 12 முதல் 15 செ.மீ. ஆழம், வழுவழுப்பான பக்கங்கள், பூச்சி ஏறித் தெரிய உள்ளே பின்புறம் ஒரு துண்டு வலை. வாயிலிருந்து 15 முதல் 20 செ.மீ. தள்ளி, விலங்கின் மார்புக்குக் கீழிருந்து மெல்ல உயர்த்த வேண்டும். மேலிருந்து இறங்கக் கூடாது என்ற விதிக்கு விலக்கு கிடையாது.

மூன்றாம் படி, விரலில் இரை. மற்ற வேளைகளில் கொடுக்காத ஒன்றை இதற்கென்று ஒதுக்க வேண்டும். பட்டுப்புழு, ஹார்ன்வோர்ம் என்ற பருத்த அந்துப்பூச்சிப் புழு இரண்டும் நன்றாக வேலை செய்யும். கிரிக்கெட் பூச்சியும் டூபியா கரப்பானும் அன்றாடத்துக்கு. புழுவின் பின்முனையை இரு விரலால் பிடித்து, தலை வெளியே நெளியும்படி நீட்ட வேண்டும். இரு கண்ணும் முன்னால் குவிந்து, வாய் சற்றே திறந்து, நாக்கு நுனி தெரியும் அந்தக் கணத்தில் கை துளியும் அசையக் கூடாது. அப்போது ஆடினால் நாக்கு தவறும். இரண்டு மூன்று முறை தவறினால் கையைப் பார்த்தாலே ஆர்வம் போய்விடும். நாக்கு விரலில் ஒட்டிக்கொண்டால் இழுக்கக் கூடாது. கையை வாய்ப்பக்கம் கொண்டுபோனால் தானாக விடுபடும். உலோக இடுக்கி வேண்டாம். நாக்கு அதில் மோதியும் சிக்கியும் காயப்பட்டு, வாழ்நாள் முழுக்க நாக்கை எறிய முடியாமல்போன விலங்குகள் உண்டு. இருபது விநாடிக்குள் வாங்காவிட்டால் புழுவைக் கிண்ணத்தில் போட்டுவிட்டுப் போய்விட வேண்டும். பசியால் பணியவைப்பது வளரும் விலங்குக்கு ஆகாது.

எட்டு மாத விலங்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஐந்தாறு பூச்சி தின்னும். முழு வளர்ச்சி அடைந்தபின் இரண்டு மூன்று நாளுக்கு மூன்று நான்குதான். பயிற்சிக்குக் கிடைக்கும் வாய்ப்பே குறைவு. அதனால் ஒரு வேளை உணவைப் பிரித்து, முதல் இரண்டை விரலிலும் மீதியைக் கிண்ணத்திலும் கொடுப்பது நல்லது. ஆர்வம் முதல் இரையில்தான் உச்சம்.

நான்காம் படியில்தான் உண்மையான திருப்பம் நடக்கும்: கூண்டை விட்டுத் தானாக வெளியே வருவது. சொரசொரப்பான, இரண்டு செ.மீ. பருமனும் 70 செ.மீ. நீளமும் உள்ள கம்பு ஒன்றை ஒரு வாரம் கூண்டுக்குள்ளேயே வைத்துப் பழக்கியபின், திறந்த கதவிலிருந்து வெளியே உள்ள ஒரு செடிக்குப் பாலமாகச் சாய்க்க வேண்டும். ஃபைகஸ் பெஞ்சமினா, ஷெஃப்லேரா, செம்பருத்தி ஏதாவது ஒன்று. கூண்டைவிட உயரமாக, உச்சியில் வெப்பவிளக்கோடு. மேலே போக வழியிருந்தால் பச்சோந்தி போகும். பருவம் வந்த ஆணுக்கு எல்லையைச் சுற்றிப் பார்க்கும் ஆவல் வேறு. அன்றே வரலாம், ஒரு வாரம் கழித்தும் வரலாம். கதவைத் திறந்துவைத்துவிட்டு இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்வது மட்டுமே வீட்டார் வேலை. முன்னதாக மின்விசிறி நிற்க வேண்டும், நாயும் பூனையும் வேறு அறையில் இருக்க வேண்டும், தொட்டால் சுடும் ஹாலஜன் விளக்குகள் அணைய வேண்டும்.

ஐந்தாம் படியில் கம்பின் இடத்தில் முன்கை. விரல்களைச் சேர்த்து, உள்ளங்கை கீழ்நோக்க, முன்கை மேல்நோக்கிச் சரிந்திருக்க, விலங்கின் மார்புக்கு முன்னால், முன்பாதங்களின் மட்டத்துக்குச் சற்று மேலே நிறுத்த வேண்டும். அது ஒரு பாதத்தை வைத்துச் சோதிக்கும், எடுக்கும், மறுபடி வைக்கும். பின்னாலிருந்து வாலடியைத் தட்டினால் முன்னே நகரும் என்று பலர் சொல்லித்தருகிறார்கள். நகரும்தான்; துரத்தப்படுவதால் நகரும். அது இங்கே வேண்டாம்.

ஏறியபின், நான்கு பாதமும் கையைப் பற்றியிருக்க, மெத்தையோ சோஃபாவோ கீழே இருக்கும் இடத்தில் மட்டும் நிற்க வேண்டும். ஒன்றரை மீட்டரிலிருந்து டைல்ஸ் தரையில் விழுந்தால் கால் எலும்போ விலாவோ போகும். தோள் வழியாகத் தலைக்கு ஏறப் பார்க்கும். அன்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், அறையில் உயரமான இடம் அதுதான். இறக்கிவிட, கையைச் செடியின் கிளைக்குக் கீழே கொண்டுபோய்ப் பிடித்தால் தானே மேலேறிவிடும். பிடுங்கக் கூடாது. முன்பாதத்தில் உள்பக்கம் மூன்று விரலும் வெளிப்பக்கம் இரண்டும், பின்பாதத்தில் அதற்கு மாறாகவும் சேர்ந்து இடுக்கிபோல் கவ்வுகின்றன. இழுத்தால் நகம் பிய்யும். கட்டாயம் எடுத்தே ஆக வேண்டுமென்றால், மார்புக்குக் கீழே விரலைக் கொடுத்து முன்பாதங்களை முதலில் மாற்றி, வாலை நுனியிலிருந்து தளர்த்த வேண்டும். பல்லியைப் போல வால் மறுபடி முளைக்காது.

ஒரு தடவைக்குப் பத்து நிமிடம், வாரத்தில் இரண்டு முறை. நிழலும் வெயிலும் கலந்த இடத்தில், வெளி வெப்பம் 22 டிகிரிக்கு மேல் உள்ள நாளில், பக்கத்திலேயே ஆள் நிற்க, 20 நிமிடம் உண்மையான சூரியன் கிடைத்தால் அதைவிடப் பெரிய வெகுமதி இல்லை. காக்கை பறக்கும் இடமென்றால் வலைக்குள்.

பின்னடைவுகள்

நான்காவது வாரத்தில் பொதுவாக ஒரு சறுக்கல் வரும். இந்த வழக்கில் கூண்டைக் கழுவுவதற்காகத் தோல் கையுறை மாட்டிக்கொண்டு விலங்கைப் பிடித்து வாளிக்குள் வைத்ததுதான் காரணம். தடித்த கையுறைக்குள் பிடியின் அழுத்தம் தெரியாது, நகம் தையலில் மாட்டும். அடுத்த நாள் விரலில் புழு நீட்டியபோது நேராக அச்சப் படி 3. பயிற்சியில் பின்னால் போய், கிண்ணத்திலிருந்து மறுபடி தொடங்கி, பத்து நாளில் பழைய இடம் வந்தது. அதன்பின் விதி மாறியது: விலங்கு வெளிச்செடியில் இருக்கும்போது மட்டுமே கூண்டுச் சுத்தம்.

சட்டை உரிக்கும் நாட்களில் தொடுதல் எரிச்சல் தரும்; நிறம் மங்கி வெண்மை படர்ந்தால் உரித்து முடியும்வரை விட்டுவிட வேண்டும். தின்ற ஒரு மணி நேரத்துக்குள்ளும் எடுக்கக் கூடாது.

கடித்துக்கொண்டு விடாவிட்டால் கையை உதறுவது இயல்பு, ஆனால் அதுதான் பெரிய சேதம். பச்சோந்தியின் பற்கள் தாடை எலும்போடு ஒட்டியவை, உடைந்தால் திரும்ப வராது. உடைந்த இடத்தில் சீழ் பிடித்துத் தாடைக்கே பரவும். கையைக் கிளையோடு அணைத்து அசையாமல் வைத்தால் விநாடிகளில் விட்டுவிடும். பிறகு சோப்பு, ஓடும் தண்ணீர்.

எதுவரை வந்தது

இந்த வகை வழக்கில் 12 முதல் 16 வாரத்தில் எட்டக்கூடியது இதுதான்: ஆள் நெருங்கினால் அச்சப் படி 0 அல்லது 1, விரலில் இருந்து தின்னும், கதவு திறந்தால் வெளியே வரும், பத்தில் ஏழெட்டு முறை முன்கையில் தானாக ஏறும். தடவிக்கொடுத்தால் ரசிப்பது, பெயர் சொன்னால் வருவது, மடியில் கிடப்பது இதில் இல்லை, வரவும் போவதில்லை. கன்னத்தைத் தடவும்போது கண்ணை மூடிக்கொள்ளும் பச்சோந்திகளின் காணொளிகள் மேலே சொன்ன உறைதலையே காட்டுகின்றன. சில ஆண்கள் முன்கைவரை வராமல் கம்போடு நின்றுவிடும். அதைத் தோல்வி என்று எண்ண வேண்டியதில்லை. கம்பில் ஏறும் பச்சோந்தியை எடை போடலாம், இடம் மாற்றலாம், மருத்துவரிடம் கொண்டுபோகலாம்.

எடைக்கு ஒரு கிராம் துல்லியம் உள்ள சமையலறைத் தராசுமேல் சிறு கிளை நட்ட தாங்கியை வைத்து, பூச்சியம் செய்துவிட்டு, அதன்மேல் ஏறவிட வேண்டும். வாரம் ஒருமுறை. இரண்டு வாரத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால் மருத்துவர். பயணத்துக்கு மூடியில் காற்றுத்துளை போட்ட, உள்ளே ஒரு கிளை குறுக்கே பொருத்திய, ஒளிபுகாத பெட்டி. அந்தப் பெட்டியை வெளிச்செடியின் பக்கத்தில் திறந்தே வைத்து அதற்குள் இரை கொடுத்துப் பழக்கிவிட்டால், நோய் வந்த நாளில் பிடித்து அடைக்க வேண்டிய போராட்டம் மிச்சம்.

பெண்ணுக்கு இந்த அட்டவணை அப்படியே பொருந்தாது. ஆண் சேராமலேயே முட்டை உருவாகும். சினையாக இருக்கும் பெண் யாரையும் அண்டவிடாது. அதைப் பழக்கப் பார்க்காமல் முட்டையிட 25 செ.மீ. ஆழ ஈரமணல் தொட்டி தர வேண்டும். மடகாஸ்கரின் பேந்தர் பச்சோந்தி விரலில் தின்னச் சீக்கிரம் கற்கும். கிழக்கு ஆப்பிரிக்காவின் ஜாக்சன் பச்சோந்தி சீறுவது குறைவு என்பதால் சாது என்று பெயர் வாங்கியிருக்கிறது. ஆனால் அதிகம் கையாண்டால் சத்தமில்லாமல் இரையை நிறுத்தும், காரணம் தெரிவதற்குள் மெலிந்திருக்கும். காட்டிலிருந்து பிடித்துவரப்பட்ட எந்தப் பச்சோந்தியையும் பழக்க முயல்வதில் பொருளில்லை.

ஊர்வனவற்றின் தோலிலும் எச்சத்திலும் குடல்நோய் தரும் சால்மொனெல்லா பாக்டீரியா இருக்கலாம். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். சமையல் மேடையில் விடக் கூடாது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளும் நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களும் தொடாமல் பார்ப்பதோடு நிற்க வேண்டும்.

தமிழ்நாட்டில் வாசிப்பவர்களுக்கு

மேலே சொன்னது வெளிநாடுகளில் பண்ணையில் பிறந்து சட்டப்படி விற்கப்படும் விலங்கைப் பற்றி. நம் புதர்க்காடுகளில் இருக்கும் இந்தியப் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். ஏமன் பச்சோந்தியும், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. அப்படிப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு விலங்குகளை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்று 2022 சட்டத்திருத்தமும் 2024 விதிகளும் சொல்கின்றன.

பழக்குதலில் சொன்ன கம்பு முறை மட்டும் இங்கேயும் உதவும். சாலையைக் கடக்கும் பச்சோந்தி தார்ச்சாலையில் ஆடி ஆடி நகர்வதால் வண்டியில் மாட்டிக்கொள்கிறது. வண்டிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, முதுகைப் பிடித்துத் தூக்காமல், ஒரு கம்பை அதன் மார்புக்கு முன்னால் தாழ்வாக நீட்ட வேண்டும். ஏறிக்கொண்டால் அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே, எதிர்ப்பக்கப் புதரின் நடுக்கிளையில் கம்பைச் சாய்த்து வைத்துவிட வேண்டும். வந்த பக்கம் விட்டால் மறுபடி கடக்கும். அடிபட்டிருந்தால் துளையிட்ட அட்டைப்பெட்டியில் ஒரு குச்சியோடு வைத்து, தண்ணீரோ உணவோ ஊட்டாமல், உள்ளூர் வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும்.